பதினைந்து பேர் உட்கார்ந்த அறை: மார்மன் சபையும் 1993 செப்டம்பரும்

மார்மன் வழிபாட்டுக்கூடத்தில் திருவிருந்து தருகிற விதமே வேறு. யாரும் எழுந்து பீடத்தருகே போவதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் வெள்ளைச் சட்டையும் டையுமாக, பிய்த்துப்போட்ட ரொட்டித் தட்டை வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள். ஒருவர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் தட்டை நீட்டுவார். அப்புறம் சின்னஞ்சிறு கப்புகளில் தண்ணீர் வரும். ஒயின் கிடையாது. சபையிலிருந்து நீக்கப்பட்டவர் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவரிடமும் தட்டு வரும். அவர் வாங்கலாம், எடுக்கக் கூடாது. அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் லவினா ஃபீல்டிங் ஆண்டர்சன் என்ற பெண்மணி கிட்டத்தட்ட முப்பது வருடம் இப்படித் தட்டைக் கைமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 1993 செப்டம்பர் 23 அன்று அவரைச் சபை நீக்கியது. அதற்குப் பிறகும் தன் வார்டுக்கு, அதாவது உள்ளூர்ச் சபைக்கு, போவதை அவர் நிறுத்தவில்லை. கூட்டத்தில் எழுந்து ஜெபிக்க முடியாது, பாடம் நடத்த முடியாது, விசேஷச் சடங்குகள் நடக்கும் ஆலயத்துக்குள் (அது வாராந்திர வழிபாட்டுக்கூடத்திலிருந்து வேறு) நுழைய முடியாது. இருந்தும் போனார்.

அவர் செய்த குற்றம், ஒரு பட்டியல் போட்டது.

அந்த செப்டம்பரில் 14-ம் தேதியிலிருந்து 26-ம் தேதிக்குள் மொத்தம் ஆறு பேர் மேல் சபை நடவடிக்கை எடுத்தது. பத்திரிகைகள் இவர்களுக்கு 'செப்டம்பர் அறுவர்' என்று பெயர் வைத்தன. மார்மன் சபை மாற்றுக் கருத்தை எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்ளும் என்று பேச்சு வந்தால், இன்றைக்கும் முதலில் எடுத்துக்காட்டப்படுவது இந்தச் சம்பவம்தான். ஆறு பேரையும் ஒரே அளவில் சொல்லப் போவதில்லை. லவினாவையும் வரலாற்றாசிரியர் மைக்கேல் குவினையும்தான் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கப் போகிறேன். சபை எதைப் பொறுத்துக்கொள்கிறது, எதைப் பொறுக்காது என்பது இவர்கள் இருவரிடத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் சபையின் அமைப்பு. இது தெரியாவிட்டால் கதை புரியாது. இதன் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. இன்று 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். சம்பளம் வாங்கும் போதகர் என்று உள்ளூரில் யாரும் கிடையாது. ஒரு வார்டுக்கு ஒரு பிஷப். அவர் வாரநாளில் பல் டாக்டராகவோ கணக்கராகவோ இருப்பார், சில வருடம் அந்தப் பொறுப்பைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். பல வார்டுகள் சேர்ந்தால் ஒரு ஸ்டேக், அதற்கு ஒரு ஸ்டேக் தலைவர். எல்லோருக்கும் மேலே சால்ட் லேக் சிட்டியில் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். அவர்களுக்கும் மேலே தீர்க்கதரிசி என்று ஏற்கப்படும் தலைவரும் அவருடைய ஆலோசகர்கள் இருவரும். இந்த மூவரைச் சபையின் தமிழ் வெளியீடுகளில் 'பிரதான தலைமை' என்கிறார்கள்.

உறுப்பினரை விசாரிப்பது உள்ளூர் ஆட்களின் வேலை. அன்று ஸ்டேக் அளவில் விசாரணை என்றால் ஸ்டேக் தலைவர், இரண்டு ஆலோசகர்கள், உயர் ஆலோசனைக் குழுவின் பன்னிரண்டு பேர், ஆக பதினைந்து ஆண்கள் ஓர் அறையில் உட்கார்ந்தார்கள். இதற்கான விதி 1834-ல் எழுதப்பட்டது. 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' என்ற அவர்களுடைய வேத நூலில் 102-ம் பிரிவாக இருக்கிறது. அதன்படி பன்னிரண்டு பேரும் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை சீட்டு எடுக்க வேண்டும். இரட்டைப்படை எண் வந்தவர்கள் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவமதிப்போ அநியாயமோ நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அறைக்குள் வக்கீல் கிடையாது. தீர்ப்பு சொல்வது ஸ்டேக் தலைவர் ஒருவரே, மற்றவர்கள் அதை ஆமோதிப்பார்கள். மேல்முறையீடு பிரதான தலைமைக்குப் போகும். எந்த விதிகளின்படி விசாரிக்கிறார்களோ, அந்தக் கையேடு அன்று தலைவர்களிடம் மட்டுமே இருந்தது. விசாரிக்கப்படுகிற பெண்மணி அதைப் புரட்டிப் பார்க்கக்கூட முடியாது. 2020-ல்தான் அந்தக் கையேடு முழுவதையும் பொதுவில் வைத்தார்கள்.

இந்த விசாரணைக்கு 'அன்பின் நீதிமன்றம்' என்று தலைவர்கள் பெயர் சொல்வதுண்டு. அன்பானவர்கள் எழுத்தில் தீர்ப்பு தருவது வழக்கமா என்று எனக்குத் தெரியாது.

சரி, பட்டியலுக்கு வருவோம். லவினா ஐடஹோ மாநிலத்தில் 1944-ல் பிறந்தவர். ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம். சபையின் அதிகாரபூர்வ மாத இதழில் எடிட்டராக வேலை பார்த்தவர். 1981-ல் சபையின் மூத்த தலைவர் ஒருவரின் மாநாட்டு உரையின் திருத்தப்படாத படியை வெளியில் ஒரு சுயேச்சை இதழுக்குக் கொடுத்தார் என்று வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். திருத்திய உரை அச்சில் வரும்போது திருத்தாததும் வெளியில் கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பது எந்த எடிட்டருக்கும் தெரியும். ஆனால் இவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தத் தாளையும் தூக்கிப்போடாமல் தேதி போட்டு வைப்பார்.

எழுபதுகளிலிருந்து மார்மன் அறிஞர்களுக்கும் சபைத் தலைமைக்கும் நடந்த உரசல்களை அவர் அப்படிச் சேர்த்து வந்தார். இன்ன தேதி, இன்ன பேராசிரியரை ஸ்டேக் தலைவர் கூப்பிட்டு விசாரித்தார். இன்ன எழுத்தாளரின் ஆலயப் பரிந்துரையை, அதாவது ஆலயத்துக்குள் போக வேண்டிய அனுமதிச் சீட்டை, வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்ன கட்டுரைக்குப் பிறகு மேலிடத்திலிருந்து உள்ளூர் பிஷப்புக்கு போன் வந்தது. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சம்பவங்களைக் கால வரிசையில் அடுக்கினார். அதை 1992-ல் ஒரு கருத்தரங்கில் வாசித்தார். 1993 வசந்த காலத்தில் 'டயலாக்' என்ற சுயேச்சை இதழ் அச்சிட்டது. 1966-லிருந்து வரும் இதழ் அது. சபைக்குச் சொந்தமானதும் இல்லை, சபைக்கு எதிரானதும் இல்லை. சபைக்குள் இருந்துகொண்டே கேள்வி கேட்கிறவர்கள் எழுதும் இடம்.

தலைமைக்கு வலித்தது எங்கே? தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஒரு பிஷப், ஒரு உறுப்பினர், மூடிய கதவு. அவரவர் தனக்கு மட்டும் நடந்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வரிசையாக அச்சில் வந்ததும் ஒரு முறை இருப்பது தெரிந்தது. உள்ளூர் நடவடிக்கை என்று சொல்லப்படுவதன் பின்னால் மேலிடத்து ஃபைல் இருக்கிறது என்று தெரிந்தது.

அந்த ஃபைலுக்கு ஒரு கமிட்டியும் இருந்தது. உறுப்பினர்களைப் பலப்படுத்தும் கமிட்டி என்று பெயர். நல்ல பெயர்தான். சபையை விமர்சித்து உறுப்பினர்கள் எழுதுவதையும் பேசுவதையும் கத்தரித்துச் சேர்த்து, அவரவருடைய உள்ளூர்த் தலைவர்களுக்கு அனுப்புவது அதன் வேலை. 1992 ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்தபோது பிரதான தலைமை மறுக்கவில்லை, ஓர் அறிக்கை விட்டது. 1839-ல் மிசௌரி சிறையிலிருந்து ஜோசப் ஸ்மித் எழுதிய கடிதத்தை அதில் ஆதாரமாகக் காட்டினார்கள். பரிசுத்தவான்களுக்கு நேர்ந்த கொடுமைகளையும் அவர்களைப் பற்றிப் பரப்பப்படும் அவதூறுகளையும் திரட்டி வையுங்கள் என்று ஸ்மித் அதில் சொல்லியிருக்கிறார். வெளியிலிருந்து துரத்தியவர்களைப் பற்றி எழுதிய கடிதம், 150 வருடம் கழித்து உள்ளே இருக்கிறவர்கள் மேல் திரும்பியது. கமிட்டியில் இரண்டு அப்போஸ்தலர்கள் இருப்பதாகவும் அறிக்கை சொன்னது: ஜேம்ஸ் ஃபாஸ்ட், ரசல் நெல்சன். நெல்சன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1993 மே 18. சபையின் துறைத் தலைவர்கள் கூடிய உள் கூட்டத்தில் அப்போஸ்தலர் பாய்ட் பேக்கர் பேசினார். உறுப்பினர்களை வழிதவற வைக்கும் மூன்று ஆபத்துகள் என்று அவர் எண்ணிச் சொன்னவை: ஒருபாலீர்ப்பாளர் இயக்கம், பெண்ணிய இயக்கம், 'அறிஞர்கள்' என்று சொல்லிக்கொள்பவர்கள். நாலு மாதத்தில் நடவடிக்கை எடுக்கப்பட்டவர்களைப் பாருங்கள். லின் வைட்சைட்ஸ், மார்மன் பெண்கள் மன்றத்தின் தலைவி. மேக்சின் ஹேங்க்ஸ், மார்மன் பெண்ணியக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றின் ஆசிரியர். பால் டோஸ்கானோ, வக்கீல், தலைமையை நேருக்கு நேர் விமர்சித்து மேடையில் பேசியவர். குவின், லவினா. அப்புறம் அவ்ரஹாம் கிலியாடி. பைபிளின் ஏசாயா புத்தகத்தில் ஊறிய பழமைவாத அறிஞர் இவர். பெண்ணியத்துக்கும் இவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடைசி நாட்களைப் பற்றி அவர் சொன்ன விளக்கம்தான் பிடிக்கவில்லை. வைட்சைட்ஸுக்கு உரிமைகள் நிறுத்தம், மற்ற ஐந்து பேருக்கும் நீக்கம்.

குவினின் மேசை டிராயர் கதை

மைக்கேல் குவின் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். சபையின் சொந்தப் பல்கலைக்கழகமான பிரிகாம் யங்கில் வரலாற்றுப் பேராசிரியர். 1890-ல் சபை பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது, எல்லோருக்கும் தெரிந்த கதை. அறிவிப்புக்குப் பிறகும் 1904 வரை தலைவர்கள் சிலரின் சம்மதத்தோடு ரகசியமாகப் புதிய பலதார மணங்கள் நடந்தன என்பதை 1985-ல் குவின் நீண்ட கட்டுரையாக, ஆவணங்களோடு 'டயலாக்' இதழில் எழுதினார்.

கட்டுரை வந்ததும் அவருடைய ஸ்டேக் தலைவருக்கு மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. குவினின் ஆலயப் பரிந்துரையைப் பறிக்க வேண்டும். ஆலயப் பரிந்துரை என்பது கையடக்கச் சீட்டு. பிஷப்பும் ஸ்டேக் தலைவரும் கேள்வி கேட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருவது. அது இல்லாமல் ஆலயத்துக்குள் விட மாட்டார்கள். பிரிகாம் யங் ஆசிரியருக்கு அது போனால் வேலையும் ஆடிப்போகும். ஸ்டேக் தலைவர் என்ன செய்தார் என்பதைக் குவினே பிற்பாடு எழுதியிருக்கிறார். சீட்டை வாங்கித் தன் மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். பல்கலைக்கழகத்தில் யாராவது 'ஆலயப் பரிந்துரை இருக்கிறதா' என்று கேட்டால் 'இருக்கிறது' என்று சொல்லுங்கள், அது என் டிராயரில் இருப்பதை நீங்களாகச் சொல்ல வேண்டாம் என்றார். மேலிடத்து உத்தரவையும் மீறவில்லை, குவினின் வேலைக்கும் ஆபத்து வரவில்லை.

இந்த டிராயரைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். மார்மன் சபையில் பொறுமை இல்லை என்று சொல்வது பொய். இருக்கிறது. ஆனால் அது டிராயருக்குள் இருக்கிறது. நல்ல மனம் உள்ள ஒரு மனிதரின் டிராயரில், அவர் அந்தப் பொறுப்பில் இருக்கிற வரைக்கும்.

குவின் 1988-ல் பிரிகாம் யங்கை விட்டு விலகினார். 1993-ல் சால்ட் லேக் சிட்டியில் வேறொரு ஸ்டேக், வேறொரு தலைவர். பெண்களுக்கு 1843-லிருந்தே ஆசாரியத்துவம் (சபைச் சடங்குகளை நடத்தும் அதிகாரம்) உண்டு என்று குவின் எழுதிய கட்டுரை ஹேங்க்ஸின் தொகுப்பில் வந்திருந்தது. இந்தத் தலைவர் டிராயரைத் திறக்கவில்லை. குவின் விசாரணைக்குப் போக மறுத்தார். விரும்பத்தகாத வரலாற்றுச் சான்றைக் கொண்டுவந்தவனைத் தண்டிப்பதற்காகவே நடக்கும் விசாரணை என்று கடிதம் எழுதிவிட்டார். 26-ம் தேதி நீக்கம். மார்மன் மக்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: தலைவர் சூதாட்டம். உனக்கு வாய்க்கிற பிஷப்பைப் பொறுத்தது உன் தலைவிதி.

இந்த டிராயருக்கு நீண்ட பரம்பரையே உண்டு. 1843-ல், மார்மன்கள் அப்போது குடியிருந்த நாவூ நகரில் பெலட்டையா பிரவுன் என்ற வயதானவரை, பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகங்களுக்குத் தப்பான விளக்கம் சொன்னார் என்று குழுவின் முன் நிறுத்தினார்கள். ஜோசப் ஸ்மித்துக்கு அது பிடிக்கவில்லை. கோட்பாட்டில் தவறிய கிழவரை இழுத்து நிறுத்துவது மெதடிஸ்டுகளின் பழக்கம், நம்முடையது அல்ல; நான் நினைத்தபடி நினைக்கவும் நம்பவும் எனக்குச் சுதந்திரம் வேண்டும் என்று ஏப்ரல் மாநாட்டில் பேசினார். சபையில் சுதந்திரம் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் எடுத்து வீசுவது இந்த உரையைத்தான்.

ஆனால் அடுத்த வருடமே இன்னொன்று நடந்தது. ஸ்மித்தின் ஆலோசகராக, பிரதான தலைமையிலேயே இருந்த வில்லியம் லா, பலதார மணத்தை எதிர்த்துப் பிரிந்தார். அவரும் கூட்டாளிகளும் 1844 ஜூன் 7 அன்று ஒரு பத்திரிகை கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு இதழ். 10-ம் தேதி, ஸ்மித் மேயராக இருந்த நகர சபையின் உத்தரவின்படி அச்சு இயந்திரத்தை உடைத்தார்கள். அதைத் தொடர்ந்து வந்த வழக்கில் கார்த்தேஜ் சிறையில் இருந்தபோதுதான் 27-ம் தேதி ஒரு கும்பல் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. மிருகத்துக்கு விளக்கம் சொன்ன கிழவருக்கு ஆதரவு, பத்திரிகை போட்டவனுக்குச் சம்மட்டி. இரண்டுக்கும் நடுவே பதினான்கே மாதம். இரண்டும் ஒரே மனிதர்.

1945-ல் சபையின் பத்திரிகையில், நம் தலைவர்கள் பேசிவிட்டால் சிந்தனை முடிந்துவிட்டது என்ற கருத்தில் ஒரு வாசகம் வந்தது. வேறு சபைப் போதகர் ஒருவர் இதைப் படித்துக் கலங்கி எழுதிக் கேட்டார். அன்றைய தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் டிசம்பரில் பதில் எழுதினார்: அது சபையின் நிலைப்பாடு அல்ல, ஒவ்வொருவரும் தாமே சிந்தித்து அறிய வேண்டும் என்றே கற்பிக்கிறோம் என்று. அருமையான பதில். ஆனால் தனிக் கடிதம். வாசகம் வந்த பத்திரிகையில் திருத்தம் வரவில்லை.

1954-ல் யூட்டா பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் ஸ்டெர்லிங் மெக்மரினை விசாரணைக்கு இழுக்கப் பேச்சு நடந்தது. சபைக் கோட்பாடுகளில் பலவற்றைத் தான் நம்பவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் ஆள் அவர். அன்றைய தலைவர் டேவிட் மெக்கே அவரைத் தனியாகச் சந்தித்து, உன்னை விசாரித்தால் உனக்கான முதல் சாட்சியாக நான் வந்து நிற்பேன் என்றார். விசாரணை நடக்கவில்லை. மெக்மரின் பிற்பாடு கென்னடி ஆட்சியில் அமெரிக்கக் கல்வி ஆணையராகி, 1996-ல் சபை உறுப்பினராகவே இறந்தார். மெக்கே அப்படி விதி எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் 1970-ல் இறந்தபோது அந்தப் பாதுகாப்பும் அவரோடு போயிற்று.

லவினா செய்தது என்ன என்பது இப்போது தெரிகிறதா? சபைக்குள் நல்லதும் கெட்டதும் எல்லாமே மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும். அவர் கதவின் சாவித்துவாரத்தில் பார்த்ததைத் தேதி போட்டு அச்சிட்டார். எந்தச் சம்பவம் பொய் என்பதல்ல வழக்கு, வெளியிட்டது ஏன் என்பதுதான் வழக்கு. கையேட்டின் இலக்கணப்படி விசுவாச துரோகம் என்றால் சபையையோ தலைவர்களையோ வெளிப்படையாக, வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப எதிர்ப்பது. மனசுக்குள் நம்பாமல் இருப்பது துரோகம் இல்லை. பிஷப்பிடம் தனியாகப் புலம்புவதும் இல்லை. உள்ளே என்ன நினைத்தாலும் பரவாயில்லை, வெளியே சொல்லாதே.

சபையின் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. எந்த மதச் சபைக்கும் தன் எல்லையைத் தானே வரைய உரிமை உண்டு. நீக்கப்பட்டவரை யாரும் சிறையில் போடுவதில்லை, சொத்தைப் பறிப்பதில்லை. இன்னொன்று, தனிநபர் நடவடிக்கை பற்றிச் சபை வாய் திறக்காது என்பதால் வெளியே நாம் கேட்பது பெரும்பாலும் நீக்கப்பட்டவர்களின் குரலைத்தான். அந்த அறையில் இருந்த பதினைந்து பேரில் சிலர் ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கக்கூடும். இதை மறந்துவிட்டு எழுதுவது சரியல்ல.

ஆனால் 'எல்லாம் உள்ளூர் முடிவு' என்று சபை சொன்னது சீக்கிரமே ஆட்டம் கண்டது. பேக்கர் அந்தக் கோடையில் டோஸ்கானோவின் ஸ்டேக் தலைவரைச் சந்தித்திருந்தார் என்ற செய்தி கசிந்தது. அரிசோனாவில் ஒரு பத்திரிகையில் அப்போஸ்தலர் டாலின் ஓக்ஸ் இதுபற்றிப் பேட்டி கொடுத்தார். முன்பு யூட்டா உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், சொல்லை அளந்து பேசுகிறவர். பேக்கரைப் பற்றி, கரடியை மேடை நடிகன் மாதிரி ஆட்டிவைக்க முடியாது என்ற பொருளில் அவர் தனிப்பட்ட முறையில் சொன்னது பிறகு வெளியே வந்து ஊரெல்லாம் பேச்சானது. வெளியே கொண்டுவந்தவர் கார்ட்டூனிஸ்ட் ஸ்டீவ் பென்சன். அந்த வருடம்தான் புலிட்சர் பரிசு வாங்கியிருந்தார். அதைவிட முக்கியம், அப்போது தீர்க்கதரிசியாக இருந்த எஸ்ரா டாஃப்ட் பென்சனின் பேரன். தாத்தா முதுமையில் செயலிழந்திருந்தார். பேரன் அக்டோபரில் சபையை விட்டே போய்விட்டார். அதே அக்டோபரில் பிரதான தலைமையும் அப்போஸ்தலர்களும் சேர்ந்து அறிக்கை விட்டார்கள்: கோட்பாட்டின் தூய்மையைக் காக்கும் பொறுப்பு எங்களுடையது, இதில் நாங்கள் ஒருமனமாக இருக்கிறோம்.

அதற்குப் பின் வருடங்கள் ஓடின. கிலியாடி சில வருடத்தில் திரும்பச் சேர்க்கப்பட்டார். ஹேங்க்ஸ் 2012-ல் மறுபடி ஞானஸ்நானம் பெற்றார். டோஸ்கானோ திரும்பவில்லை. அவருடைய மனைவி மார்கரெட்டையும் 2000-ல் நீக்கினார்கள். குவின் கடைசி வரை வெளியே இருந்தே சபையின் வரலாற்றை எழுதி, 2021-ல் இறந்தார்.

இணையம் வந்த பிறகு டிராயர்களால் பயனில்லாமல் போயிற்று. 2013-லிருந்து சபையே தன் தளத்தில் வரலாற்றுக் கட்டுரைகளை வெளியிட ஆரம்பித்தது. ஜோசப் ஸ்மித்தின் பல மனைவிகள், கறுப்பினத்தவருக்கு 1978 வரை ஆசாரியத்துவம் மறுக்கப்பட்டது, எல்லாம் அதில் வந்தன. 1890 அறிவிப்புக்குப் பிறகும் சில பலதார மணங்கள் நடந்ததை ஒப்புக்கொள்ளும் கட்டுரையும் அதில் உண்டு. குவினின் பரிந்துரைச் சீட்டு டிராயருக்குப் போனது எதற்காகவோ, அதே விஷயம் இப்போது சபையின் சொந்தப் பக்கத்தில். வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் புஷ்மன் 2005-ல் ஸ்மித்தின் வாழ்க்கையை ஒளிவு மறைவு இல்லாமல் எழுதினார். அவர் ஸ்டேக் தலைவராக இருந்தவர், ஒரு தொல்லையும் வரவில்லை. வரலாறு பேசும் விஷயத்தில் சபை உண்மையிலேயே தளர்ந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

தளராத இடமும் உண்டு. பெண்களுக்கு ஆசாரியத்துவம் கேட்டு இயக்கம் நடத்திய கேட் கெல்லி 2014 ஜூனில் நீக்கப்பட்டார். 2015 ஏப்ரல் பொது மாநாட்டில் நடந்ததும் நினைவில் நிற்கிறது. அந்த மாநாட்டில் தலைவர்களின் பெயரை வாசித்து, ஏற்பவர்கள் கை உயர்த்துங்கள், எதிர்ப்பவர்கள் யாராவது இருந்தால் அதேபோலக் காட்டுங்கள் என்று கேட்பார்கள். பொதுச் சம்மதம் என்பது ஆரம்பகால விதி. பெரும்பாலும் சம்பிரதாயம், எதிர்க் கை எழாது. அன்று சிலர் எழுந்து 'எதிர்க்கிறோம்' என்று சத்தமாகவே சொன்னார்கள். மேடையிலிருந்து பதில் வந்தது: எதிர்ப்பு குறித்துக்கொள்ளப்பட்டது, உங்கள் ஸ்டேக் தலைவரைப் போய்ப் பாருங்கள். ஸ்டேக் தலைவர் என்றால் யார் என்று மேலே சொன்னேன்.

லவினாவின் கணவர் பால் 2018-ல் இறந்தார். லவினா மறு ஞானஸ்நானத்துக்கு விண்ணப்பித்தார். இத்தனை வருடமாக அவரைப் பக்கத்தில் இருந்து பார்த்த வார்டு, ஸ்டேக் ஆட்கள் சம்மதித்து மேலே பரிந்துரைத்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது நம் பழமொழி. இங்கே தலைகீழ். பூசாரி கொடுத்துவிட்டார். 2019-ல் பிரதான தலைமை மறுத்துவிட்டது. காரணம் பகிரங்கமாகச் சொல்லப்படவில்லை. அப்போது சபைத் தலைவர் ரசல் நெல்சன், 1992-ல் அந்தக் கத்தரிப்புக் கமிட்டியில் இருந்த அதே நெல்சன். முதல் ஆலோசகர் டாலின் ஓக்ஸ். 2025-ல் நெல்சன் தமது 101-ம் வயதில் இறக்க, ஓக்ஸ் தலைவரானார்.

லவினா மறுப்புக்குப் பிறகும் சபையை விடவில்லை. 2023 அக்டோபர் 29 அன்று, 79 வயதில் இறந்தார். சபைப் பதிவேட்டில் பெயர் இல்லாமலே.

மார்மன் நம்பிக்கையில் சாவோடு எதுவும் முடிவதில்லை. இறந்தவருக்காக உயிரோடு இருக்கும் ஒருவர் ஆலயத்தில் முழுகி ஞானஸ்நானம் பெறலாம். வெள்ளை உடுப்பில், பன்னிரண்டு எருது உருவங்கள் தாங்கும் தொட்டியில், பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகள்தான் முழுகுவார்கள். குடும்பத்தார் பெயரைக் கொடுத்தால் போதும், சாதாரணமாக நடந்துவிடும். ஆனால் உறுப்பினர் உரிமை பறிக்கப்பட்ட நிலையில் இறந்தவர் என்றால் கையேட்டில் தனி விதி. பிரதான தலைமையின் அனுமதி வேண்டும்.